சாரம் இறங்காத முட்டி

ஒருத்தியின் முழங்காலை அவளைக் கேட்காமல் இன்னொருவன் மாதாவுக்கு நேர்ந்துவிடலாமா? அந்த மலையடிவார மாதாகோவில் பங்கில் இந்தக் கேள்வி இரண்டு வருடம் ஓடியது. நேர்ந்துவிட்டவன் அர்மிந்து. முழங்கால் அவன் மனைவி சிடாலியாவுடையது. நல்ல எண்ணத்தில்தான் செய்தான். உலகத்தில் பாதி வம்பு நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

சிடாலியா ரொட்டிக்காரி. சுடுகிறவள் இல்லை, கொண்டுபோய்ப் போடுகிறவள். படுக்கப் போகுமுன் வீட்டுக்காரர்கள் கதவுப் பிடியில் துணிப்பையை மாட்டிவிடுவார்கள். விடிந்து கதவைத் திறக்கும்போது பைக்குள் ரொட்டி சூடாக இருக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு கதவு. பத்தொன்பது வயதில் ஆரம்பித்தவள், ஒரு கதவைத் தவறவிட்டதில்லை. கல்யாணத்துக்கு மறுநாளும் போட்டாள். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கும் போட்டுவிட்டுத்தான் கல்லறைக்குப் போனாள்.

ஊர்ச் சங்கதி முழுக்க அவளுக்கு ரொட்டியில் தெரியும். நாலு பன் எட்டானால் பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்திருக்கிறார்கள். இரண்டு ஒன்றானால் ஒருவர் ஆஸ்பத்திரியில், இல்லாவிட்டால் சண்டை. தெரிந்ததை ஒரு வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனாலேயே ஊர் அவளை நம்பியது.

வண்டியை அணைத்து அணைத்து எடுத்தால் நேரம் போகும். எஞ்சினை ஓடவிட்டுக் குதிப்பாள், பையில் போடுவாள், ஏறுவாள். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினான்கு குதி, எல்லாம் கருங்கல் தரையில், எல்லாம் வலது காலில். ஒரு நவம்பர் மழையில் மருந்துக்கடைக்காரர் வீட்டுப் படியில் ஈர இலை வழுக்கிவிட்டது. கையிலிருந்த மக்காச்சோள ரொட்டியை அவள் விடவில்லை. முழங்காலை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த முழங்காலில் ஒரு சத்தம் குடியேறியது. நாலு நாள் காய்ந்த சோளரொட்டியை ரம்பக் கத்தியால் அறுத்தால் வருமே, அந்தச் சத்தம்.

"படியேறும்போது முதல்ல உன் முட்டி வருது. அப்புறம்தான் நீ வர்ற" என்பான் அர்மிந்து.

"ஏ மனுஷா, உன் தொப்பை மட்டும் என்ன, உனக்குப் பின்னாலயா வருது?"

இப்படியே கோஸ் இலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு குளிர்காலம் ஓட்டினாள். கடைசியில் ஒரு நாள் நூற்றெட்டாவது கதவில் முழங்கால் மடங்கினது மடங்கினபடி பூட்டிக்கொண்டது. இரவு உடையோடு வெளியே வந்த பள்ளிக்கூட வாத்தியார்தான் தூக்கி நிறுத்தினார். மிச்சம் நூற்றாறு கதவுக்கும் அவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போடவைத்தாள். அப்புறம்தான் போர்ட்டோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே அறுவை செய்கிறவர் டாக்டர் லியோனோர். ஒல்லியான பெண்பிள்ளை, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து விரலால் காட்டினார்.

"முட்டிச் சில்லுக்குப் பின்னாடி பாருங்க, டோனா சிடாலியா. எலும்பு மேல வழவழன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கும். அதுல இரண்டு யூரோ காசு அளவுக்குக் குழி. எலும்பு உடைஞ்சா ஒட்டும், தோல் கிழிஞ்சா மூடும். இது மட்டும் தானா வளராது. இதுக்குள்ள ரத்த ஓட்டம் இல்ல."

"அப்ப வெட்டிப்போட்டு இரும்பு வெச்சிருங்க. எனக்கு வேலை இருக்கு."

"நாற்பத்திரண்டு வயசு உங்களுக்கு. இரும்பு முட்டிக்கு இன்னும் காலம் கிடக்கு. குழியைச் சுத்தி எல்லாம் நல்லா இருக்கு. அதனால குழிக்குள்ள ஒரு சாரம் கட்டலாம்."

அதுவரை தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த அர்மிந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். இருபத்தெட்டு வருடமாக அவனுக்குச் சோறு போடுவது சாரம். ஆறு மாடிக் கட்டிடத்துக்குக் குழாய்ச் சாரம் கட்டுவதில் அந்த மாவட்டத்தில் அவனுக்கு ஜோடி இல்லை.

"என்ன சாரம், டாக்டரம்மா? குழாயா, மரமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளையாக ஒரு துண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். ரொட்டியின் நடுச்சதை மாதிரி முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"குழியைச் சுத்தம் பண்ணி, அடி எலும்புல பொடிப்பொடியா துளை போடுவேன். அது வழியா மஜ்ஜை ரத்தம் கசியும். இந்தத் துண்டைக் குழி அளவுக்கு வெட்டி அதுமேல வெப்பேன். ரத்தத்தோட வர்ற உயிரணுக்கள் இந்த ஓட்டைக்குள்ள குடியேறி, பிடிச்சுப் பிடிச்சு ஏறி, புதுக் குருத்தைக் கட்டும்."

"ஆட்கள் சாரத்துல ஏறி வேலை செய்யற மாதிரி."

"அதே மாதிரி."

"முடிஞ்சதும் யாரு அவிழ்க்கிறது? திரும்பவும் அறுக்கணுமா?"

"யாரும் அவிழ்க்க வேண்டாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல தானா கரைஞ்சுடும். உடம்பே தின்னுடும்."

அர்மிந்து அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தானா கரையுற சாரம். எங்க ஆளுங்க கேட்டா ஒப்பாரி வெப்பாங்க. அவிழ்க்கிற கூலி போச்சே."

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர், "ஆறு வாரம் அந்தக் கால்ல பாரம் ஏறக்கூடாது."

"இதை நீங்க எனக்குச் சொல்லணுமா? ஈரச் சுவர்ல நான் ஒரு ஈயை உக்கார விடமாட்டேன்."

அறுவை அன்று அர்மிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரையும் ஆனது. ஆறாவது மாடிச் சாரத்தில் கயிறில்லாமல் நடக்கிறவன் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, ஊர்க் குன்றின் மேலிருக்கும் ஆரோக்கிய மாதாவைக் கூப்பிட்டான்.

"தாயே, என் பொண்டாட்டி முட்டி பழையபடி முழுசா சரியாகிட்டா, உன் கோவிலை அவ மூணு சுத்து முட்டியாலேயே சுத்துவா."

முட்டி கேட்டால் முட்டி கொடுக்க வேண்டும், அதுதான் அவனுக்குத் தெரிந்த முறை. அந்தக் கோவில் சுவரில் தொங்குவதெல்லாம் அப்படித்தான். கால் சரியானவன் மெழுகுக் கால் மாட்டியிருப்பான், மார்வலி போனவள் மெழுகு மார்பு மாட்டியிருப்பாள். வாயிலிருந்து வந்த வார்த்தையை அவன் ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கதவு திறந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார் டாக்டர். அர்மிந்துவுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று மாலையே ஊர்க் காப்பிக்கடையில் எல்லோருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்து நேர்த்திக்கடனைச் சொல்லிவிட்டான். ஊருக்கெல்லாம் தெரிந்தது. சிடாலியாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆறு வாரம் அவள் கட்டிலில் கிடந்தாள். முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டும் ஒரு யந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரொட்டியை அர்மிந்து போட்டான், தன் வேலைக்குப் போகுமுன். முதல் நாள் பல்லில்லாத இரண்டு கிழவர் வீட்டில் கல்மாதிரி சோளரொட்டியும், எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு பன்னும் போட்டுவிட்டு வந்தான். ஏழு மணிக்குப் போன் அலற ஆரம்பித்தது. கட்டிலில் கிடந்தபடியே சிடாலியா அவனை விசாரித்தாள்.

"நீலக் கதவுக்கு என்ன போட்ட?"

"எந்த நீலம்? ஊர்ல பாதிக் கதவு நீலம்."

"நாய் இருக்கிற நீலம்!"

"நாய் இருந்துச்சு. அதுக்கும் ஒண்ணு போட்டேன்."

எட்டாவது வாரம் அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். ஊன்றுகோலால் ஒவ்வொரு கதவையும் சுட்டிக்காட்டி, "இரண்டு, ஒண்ணு, ஆறு, இங்க மெதுவா, அவங்களுக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த நாட்களில்தான் அர்மிந்து இவள் இத்தனை வருடம் செய்தது என்ன என்று கண்டுகொண்டான். வெளியே சொல்லவில்லை. வண்டியில் அவள் இறங்கும் பக்கம், சாரப் பலகையொன்றை அறுத்து அகலமாக ஒரு படி மாட்டிக் கொடுத்தான். இனிமேல் குதிக்க வேண்டாம், இறங்கலாம்.

மாதங்கள் போயின. சத்தம் குறைந்தது. அப்புறம் இல்லாமலே போயிற்று. ஜூலையில் ஒரு காலை, பன்னை வாங்கிக்கொண்டே பிரஸீரிஸ் என்ற வாடிக்கைக்காரி சொன்னாள்:

"திருவிழாவுக்குத் தடியா பார்த்து முட்டிப்பட்டை வாங்கிக்கோ, சிடாலியா. கோவில் பின்பக்கத்துக் கல்லு மகா மோசம்."

"எனக்கெதுக்கு முட்டிப்பட்டை?"

பிரஸீரிஸுக்கு முகம் மாறிவிட்டது. அர்மிந்து காப்பிக்கடையில் சொன்னதை அவள் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சிடாலியா மிச்சக் கதவுகளை எப்படி முடித்தாள் என்று தெரியாது, முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கோஸ் கீரைச் சூப்புச் சட்டியை இறக்கி வைத்தாள், அர்மிந்துவைப் பார்த்தாள்.

"மூணு சுத்தா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஒரு மணி நேரம்னு சொன்னாங்க, பொண்ணே. ஒன்றரை ஆச்சு."

"உனக்கு முட்டி இல்ல? ஒண்ணுக்கு இரண்டு தொங்குதே!"

"சரியாகப்போறது உன்னுதுதானே…"

டாக்டர் லியோனோருக்குப் போன் போட்டார்கள். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம், "நடங்க. சைக்கிள் ஓட்டுங்க. மலை ஏறுங்க. கல்லுல முட்டிபோடவே கூடாது" என்று வந்தது. "உங்க குழி இருந்ததே முட்டிச் சில்லுக்கு நேர் பின்னாடி. முட்டிபோட்டு நகர்ந்தா உங்க எடை மொத்தமும் அந்தப் புதுக் குருத்து மேலதான் அரைக்கும். பிய்ஞ்சுதுன்னா இன்னொரு தடவை கட்டறதுக்கு நான் பொறுப்பில்ல."

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிடாலியாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், முடியாது என்று. மூன்று நாள் யோசித்துவிட்டு, "போறேன்" என்றாள்.

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. பையை மாட்டியாச்சு, அர்மிந்து. கதவுல பை தொங்குதுன்னா ரொட்டி போட்டே ஆகணும். இருபத்துச் சொச்சம் வருஷத்துல நான் ஒரு பையைச் சும்மா விட்டதில்ல. மாதா வீட்டுக் கதவையா விடுவேன்?"

அர்மிந்து தலையில் அடித்துக்கொண்டான். அவளை எப்படிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சரிசெய்து கொண்டுவந்தான், தன் வாயாலேயே அதை உடைக்கப் போகிறானே. பாதிரியார் அவெலினுவிடம் ஓடினான்.

"சாமி, இந்தக் கடனைக் கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமா?"

பாதிரியார் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார். "மாத்திக்கலாம். அவ எடைக்கு எடை கோதுமை கொடுக்கட்டும். ரொட்டிக்காரிக்குப் பொருத்தம்தான்."

வீட்டில் வந்து சொன்னான். சிடாலியா கையிலிருந்த துணியை வீசினாள். "மாசக்கணக்கா உக்காந்து தின்னுட்டு, ஊர் பார்க்கத் தராசுல ஏறி நிக்கவா? அதுக்கு இருட்டற வரைக்கும் முட்டிபோட்டே நடப்பேன்!"

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அர்மிந்து வேலைத்தளத்தில் ஒரு வீட்டுக்காரனோடு மல்லுக்கு நின்றான். வேலை முடியுமுன் சாவி வேண்டும் என்று வந்திருந்தான் அந்த ஆள். "சாரம் நிக்கிற வீட்டுக்கு எவனாவது சாவி கொடுப்பானா?" என்று கத்தின அர்மிந்துவுக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது. தலைக்கவசத்தோடேயே வீட்டுக்கு வந்தான்.

"நான் நேர்ந்தது எப்படின்னு தெரியுமா? முழுசா சரியாகிட்டான்னு நேர்ந்தேன். உனக்கு முழுசா சரியாகிட்டுதா?"

"வலியில்ல. சத்தமில்ல."

"அதில்ல. சாரம் இறங்கிட்டுதா? போன தடவை ஸ்கேன்ல அந்தம்மா என்ன சொன்னாங்க? இன்னும் கொஞ்சம் தெரியுது, கரையலன்னு சொன்னாங்கல்ல? சாரம் நிக்குதுன்னா வேலை நடக்குது. வேலை நடக்குதுன்னா கடன் இன்னும் வரல. மாதா சூசையப்பரோட குடும்பம் நடத்தினவ. தச்சன் வீட்டுக்காரிக்கு இது தெரியாமலா இருக்கும்?"

சிடாலியா நெடுநேரம் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. பை இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் அவள் திருவிழாவில் நடந்தே போய் மத்தி மீன் சுட்டுத் தின்றுவிட்டு வந்தாள். யாராவது கேட்டால், "சாரம் இன்னும் இறங்கல" என்றாள். ஊரில் அதற்குப் பிறகு வேலை செய்யாமல் தட்டிக்கழிக்கிறவன் எல்லாம் அதையே சொல்ல ஆரம்பித்தான்.

மறு வருடம் ஜூன் மாதம் கடைசி ஸ்கேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

"சாரம் சுத்தமா போயிடுச்சு. ஒரு துணுக்குகூட இல்ல. குழி நிரம்பிடுச்சு. இருக்கிறதெல்லாம் உங்க சொந்தக் குருத்து, டோனா சிடாலியா."

சிடாலியா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கொண்டுவந்திருந்த சோளரொட்டியை மேசையில் வைத்தாள். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அர்மிந்து பின்தங்கினான். கதவை முக்கால்வாசி சாத்தினான்.

"டாக்டரம்மா, ஒரு துணுக்கு இருக்குன்னு சொல்லிடுங்களேன்."

"எது?"

"சாரம். ஓரத்துல ஒரு துணுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போறோம்."

"நான் பண்ணின வேலையை நானே முடியலன்னு சொல்லணுமா?"

"பொய்யெல்லாம் இல்ல. கொஞ்சம் ஒழுங்கில்லாம பாருங்க, போதும்."

கால்வாசி திறந்திருந்த கதவுக்கு அப்பால் சிடாலியா நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி பாதி வழி வந்தது. அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"மாதாகிட்டப் பொய் சொல்லப் பார்த்த."

"டாக்டர்கிட்டதான் சொல்லச் சொன்னேன்."

"எதுக்கு?"

அர்மிந்து சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். "நீ அந்தச் சத்தத்தோட மாடிப்படி ஏறுறதை நான் கீழ நின்னு இரண்டு வருஷம் கேட்டேன். கிண்டல் பண்ணிட்டே கேட்டேன். இன்னொரு தடவை கேக்க முடியாது. மாதா கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும்."

சிடாலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வந்ததும், "கோவில்ல நிறுத்து" என்றாள். தனியாகப் போய்ப் பாதிரியாரைப் பிடித்தாள்.

"சாமி, ஒருத்தி முட்டியை இன்னொருத்தன் நேர்ந்துவிடலாமா?"

"முடியாது," என்றார் பாதிரியார் அவெலினு. "அவனவன் உடம்பைத்தான் நேரலாம். அவன் நேர்ந்தது அவன் கடன்."

"இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமே!"

"போன வருஷம் நீ எங்க வந்து கேட்ட? அவன் வந்தான். குறைச்சுக் கொடுன்னு கேட்டான். குறைச்சுக் கொடுத்தேன். நீ தராசைக் கண்டு பயந்துட்டன்னு கேள்விப்பட்டேன்."

அவள் வெளியே வந்தாள். வண்டியில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னாள்: "அந்தப் பை என் கணக்குல இல்ல. அது உன் கணக்கு, மூணு சுத்தும் நீதான். பழக்கதோஷத்துல நான் ரொட்டி போடப் பார்த்தேன்."

அர்மிந்துவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் அதற்கு முன் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தாள்.

ஆகஸ்டு திருவிழா. வெயில் கருங்கல்லில் கொதித்தது. ஐம்பத்தொரு வயது, தொண்ணூற்றாறு கிலோ. அர்மிந்து கால்பந்துக் குழுவின் கோல்கீப்பரிடம் முட்டிப்பட்டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு கோவில் வாசலில் மண்டியிட்டான். சிடாலியா அவன் தொப்பியையும் தண்ணீர்ப் புட்டியையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். முதல் சுற்றில் பாட்டுப் பாடினான். இரண்டாவது சுற்றில் மாதாவோடு மட்டும் பேசினான். மூன்றாவது சுற்றில், பிரஸீரிஸ் சொன்னாளே, அந்தப் பின்பக்கத்துக் கல்லில், யாரோடும் பேசவில்லை.

"அர்மிந்து, சாரம் வேணுமா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"உன் வாய்க்கு வேணா கட்டுறேன்!" என்றாள் சிடாலியா.

கடைசிப் பத்தடிக்கு அவள் அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள். வாசற்படியை நெற்றியால் தொட்டான். கடன் தீர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டாம் தரம் பார்த்தான், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். இரண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"தள்ளுங்க," என்றாள்.

தொப்பியைப் பல்லில் கவ்விக்கொண்டாள். அவன் கக்கத்துக்கடியில் கையைக் கொடுத்தாள். வலது காலை முன்னால் ஊன்றி, மடக்கி, மூச்சைப் பிடித்து எழுந்தாள். தொண்ணூற்றாறு கிலோவும் அவளோடு எழுந்தது. எழுகிற பாதியில் கறுக்கென்று ஒரு சத்தம். காய்ந்த சோளரொட்டியைக் கத்தி அறுக்கிற அதே சத்தம்.

அர்மிந்து வெளுத்துப்போனான். அவள் காலைப் பார்த்தான். சிடாலியா நிமிர்ந்து நின்றாள், காலை ஒரு தரம் நீட்டினாள், மடக்கினாள், திரும்ப நீட்டினாள். தொப்பியை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்னை எதுக்குப் பார்க்கிற? அது உன் முட்டி."

"என்னுதா?"

"உன்னுதுதான்." தொப்பியை அவன் தலையில் வைத்து அழுத்தினாள். "ஐம்பத்தொண்ணு ஆச்சு, உனக்கெல்லாம் சாரம் கட்டமாட்டாங்க. இரும்புதான். வா, மத்தி கருகுது."